விசாரணை அம்மாவின் டயர்

மழை விழுந்தால் பஞ்சர் கடைக்கு வேலை பிறக்கும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆணி, கண்ணாடிச் சில்லு, பீங்கான் துண்டு என்று எதையாவது குத்திக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தபடி வந்து நிற்பார்கள். தகரக் கூரையின் கீழே குந்தி உட்கார்ந்து நட்டைக் கழற்றுகிறவருக்கு முதுகில் பாதி நனையும். கைகளில் கரியும் தண்ணீரும் கலந்து முழங்கைவரை ஓடும். நாளெல்லாம் அப்படிக் குந்தி இருந்தால் எழும்போது முழங்கால் இரண்டும் சத்தம் போடும். அந்தச் சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கடைக்காரருக்கு ரேடியோ என்று பெயர். வைத்த பெயர் வேறு, அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வாய் ஓயாது. வேலை செய்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே வேலை செய்வார். நிறுத்தச் சொன்னால் கை நின்றுவிடும். வந்தவர் முகத்தை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குந்தி இருக்கிறவருக்குக் கண்மட்டத்தில் சக்கரமும், சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற காலும்தான் தெரியும். “பச்சைச் செருப்புக்காரர் வந்தாரு, வார் அறுந்த பூட்ஸு வந்தாரு” என்றுதான் வீட்டில் போய்ச் சொல்லுவார். பேசுவதெல்லாம் அந்தக் கால்களோடுதான்.

கடைக்குப் பின்னால் ஒற்றை அறையும் ஒரு சமையல் இடமும். அதுதான் வீடு. மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளுக்கு அவள் வேனக்கா. அவர்களின் அப்பா அம்மாக்களுக்கும் நாளடைவில் வேனக்காதான். விடியும் முன்பே எழுந்து வேனைத் துடைத்து, கறுப்புத் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினாள் என்றால், கடைசிப் பிள்ளை பள்ளி வாசலில் இறங்கும்வரை வயிற்றில் வேறு எதுவும் போகாது.

பிள்ளைகளை ஏற்றி ஓட்டத் தனியாக ஒரு பேட்ஜ் வேண்டும். அந்தப் பேட்ஜைத்தான் போக்குவரத்துத் துறை பறித்துக்கொண்டது.

நடந்தது இதுதான். ஒரு காலை, திருப்பத்தில் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. கிளம்பியது மெதுவாக நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. பிள்ளைகள் அலறினார்களே தவிர யாருக்கும் கீறல்கூட இல்லை. அந்தப் பக்கம் நடந்துபோன ஒரு டீச்சர், வேனக்காவின் தலை ஸ்டியரிங்கில் கிடந்ததைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். துறை, வலிப்பு நோய் என்று எழுதிப் பேட்ஜை ரத்து செய்தது. வேனக்கா எழுதிக் கொடுத்தது வேறு: முன்சீட்டில் இருந்த குட்டிப் பெண்ணின் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து பிரேக்குக்கு அடியில் உருண்டது, அதை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான்.

துறை சொன்னதை ஒப்புக்கொள்ளாதவர்கள் மேல்முறையீடு செய்யலாம், அதைக் கேட்கத் தனியாக ஒரு விசாரணை அலுவலர் இருக்கிறார் என்று அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் வேனக்கா உட்கார்ந்திருந்தாள். வேன் சாக்குப் போர்த்தி வீட்டுப் பக்கத்தில் நின்றது.

விசாரணை நாள் காலையில் தூறல் விட்டபாடில்லை.

“நீயும் வரணுமா?” என்றாள் வேனக்கா.

“வராம? பொண்டாட்டியைத் தனியா அனுப்பிட்டு இங்க காத்தடிச்சிட்டு இருப்பேனா?”

“வா. ஆனா வாயை இங்கயே கழட்டி வெச்சிட்டு வா.”

“கழட்டினா மாட்டத் தெரியாது.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அப்போதுதான் கடை வாசலில் ஒரு கார் நொண்டிக்கொண்டு வந்து நின்றது. நல்ல உடுப்பு அழுக்காகிவிடும் என்று யோசித்தார் ரேடியோ. ஆனால் காற்றுப் போன சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் வரவில்லை. கிழிந்த சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜாக்கியைத் தள்ளினார்.

வந்த கால்களில் பழுப்பு ஷூ. ஒன்றில் பழுப்புக் கயிறு, இன்னொன்றில் கறுப்புக் கயிறு.

“ஆணி இல்லைங்க. பூட்டோட நாக்கு. எவனோ பூட்டை உடைச்சு வீதியில போட்டிருக்கான் பாருங்க. திருடினது அவன், காத்துப் போனது உங்களுக்கு.”

“சீக்கிரம் ஆகுமா? ஒரு இடத்துக்குப் போகணும்.” பெண் குரல், வயதான குரல்.

“எல்லாருக்கும் ஒரு இடம் இருக்கு. எனக்கும் இருக்கு. ஸ்டெப்னியை மாட்டி விடறேன், நீங்க போங்க. இதை ஒட்டி வெக்கிறேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்.”

“சரி.”

நட்டுகள் துருப்பிடித்திருந்தன. ரேடியோ ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதித்தார். கை வேலையில் இருந்ததால் வாயும் திறந்துகொண்டது. வீட்டு மனிதர்களிடம் சொல்ல முடியாததை, தெருக்காரர்களிடம் சொல்லக் கூடாததை, காற்றடித்துக்கொண்டு போய்விடப்போகிற ஒருவரிடம் சொல்லிவிடலாம் என்று எல்லாருக்கும் ஒரு எண்ணம் இருக்கத்தானே செய்கிறது. அவருக்கு நெஞ்சில் ஒரு பாரம் பல நாளாக உட்கார்ந்திருந்தது.

“உங்க வீட்டுல யாருக்காச்சும் தலை சுத்தல் உண்டாங்க?”

“இல்லையே. ஏன்?”

“என் வீட்டம்மாவுக்கு இருக்கு. பிரஷருக்கு மாத்திரை மாத்திக் கொடுத்தாங்க, அதுல இருந்துதான். குழாயடியில ஒரு தடவை அப்படியே சரிஞ்சா. படியில ஒரு தடவை. நான் பிடிச்சேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. நான் சொல்வேனா? சொல்லலை. ஆனா அவ வேலைக்குக் கிளம்புறப்ப எனக்குப் பயமா இருக்கும். ஏன்னா ஓட்டுறது சும்மா வண்டி இல்லை. பசங்க வண்டி. அன்னைக்குக்கூட பாட்டில் உருண்டுச்சு, குனிஞ்சேன்னு எழுதிக் கொடுத்திருக்கா. பாட்டிலும் இல்லை ஒண்ணும் இல்லை. தலை சுத்தி ஸ்டியரிங்ல…”

ஷூ இரண்டும் ஓரடி பின்னால் போயின.

“நிறுத்துங்க.”

“இன்னும் ரெண்டு நட்டு இருக்குங்க.”

“பேச்சை நிறுத்துங்க. தயவுசெஞ்சு. இதுக்கு மேல ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லாதீங்க.”

ரேடியோவுக்கு முகம் சுண்டிப்போனது. பெரிய மனுஷங்களுக்கு நம் கதையைக் கேட்கக்கூடப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டு மீதி நட்டை முடுக்கினார். கூலியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு அந்த அம்மாள் காரை எடுத்துக்கொண்டு போனார். டயர் கடையிலேயே கிடந்தது.

விசாரணை, நூலகத்துக்கு மாடியில் வாடகைக்கு எடுத்த ஒரு அறையில் நடந்தது. வெளியே நீள வராந்தா, ஒரு மர பெஞ்சு, சுவரோரம் வரிசையாக விரித்து வைத்த ஈரக் குடைகள். கீழிருந்து பழைய காகிதத்தின் வாசனை ஏறி வந்தது. பெஞ்சில் துறைக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், மடியில் ஒரு கோப்பு, கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. எதிராளியும் மழையில் நனைந்துதான் வந்திருக்கிறார் என்று பார்த்ததும் வேனக்காவுக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது.

ரேடியோ சும்மா இருப்பாரா? “ஏங்க, உள்ள விசாரிக்கப்போறவங்களும் உங்க ஆபீஸ்தானே? நீங்க பேட்ஜை எடுப்பீங்க, அவங்க எடுத்தது சரிம்பாங்க. அதுக்கு நாங்க வேற மழையில வரணுமா?”

துறைக்காரர் சிரித்தார். “எங்க ஆபீஸா? நல்லா சொன்னீங்க. போன தடவை என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டே எங்க கேஸைத் தள்ளிட்டாங்க. போன வாரம் குடிநீர்த் துறையை உண்டு இல்லைன்னு பண்ணினாங்க. அவங்க யார் ஆளும் இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தாக் குடிக்க மாட்டாங்க. வீட்டுல இருந்து ஃபிளாஸ்க் கொண்டு வருவாங்க. வராந்தாவுல குட்மார்னிங் சொன்னாக்கூட, எதிர்ப்பக்கம் வந்துட்டாங்களான்னு பார்த்துட்டுத்தான் பதில் சொல்வாங்க.”

“அப்போ அவங்களுக்குப் பேச்சுத் துணைக்கு யாரு?”

“நீ வாயைக் கழட்டி வெக்கலையா?” என்றாள் வேனக்கா.

அந்த நேரத்தில் படியேறி ஒரு பெண் வந்தாள். முன்சீட்டுக் குட்டியின் அம்மா. துணிக்கடையில் தையல் வேலை. அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வருகிறேன் என்றாள். அவள் மகளை வேனில் எல்லாரும் பட்டாணி என்பார்கள். அவ்வளவு சின்ன உருண்டை முகம்.

“கவலைப்படாதீங்கக்கா. என் பொண்ணு பாட்டில்தான்னு நானே சொல்றேன். உங்களைப்போல பிள்ளைங்களைப் பார்த்துக்க யாரு இருக்கா?”

“பட்டாணி எப்படி இருக்கா?”

“இருக்கா. ஸ்கூலுக்குப் பாட்டிலே கொண்டு போக மாட்டேங்கிறா. குழாயில குடிச்சுக்கிறாளாம். ‘என் பாட்டிலாலதான் அக்காவுக்கு வேலை போச்சு’ன்னு ஒரே அழுகை. முதல்ல சாதிச்சாக்கா, பாட்டில் பையிலதான் இருந்துச்சுன்னு. எனக்கு வந்த கோபம்! ஒருத்தர் பிழைப்பு போயிருக்கு, இந்த வயசுல பொய்யான்னு கேட்டு முதுகுல நாலு வெச்சேன். அப்புறம்தான் ஒத்துக்கிட்டா.”

வேனக்காவின் ஒரு கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் ஒரு கோடாக அவள் காலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அறையில் நீளமேசை. தலைப்பக்கத்தில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. சுவரோரம் சாட்சிக்கு ஒன்று. ஓரத்தில் ஒரு பதிவு இயந்திரம், சின்னச் சிவப்பு விளக்கோடு. ரேடியோ பழக்கதோஷத்தில் நாற்காலியில் முன்னால் குனிந்து முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கதவு திறந்தது. மேசைக்கு அடியில் இரண்டு கால்கள் நடந்து வந்து நின்றன.

பழுப்பு ஷூ. ஒன்றில் பழுப்புக் கயிறு. ஒன்றில் கறுப்பு.

வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ தானாகவே பேசாமல் இருந்தார்.

விசாரணை அம்மாள் உட்காரவில்லை. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி மழைத்துளியோடு இருந்தது. கையிலிருந்த ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். இன்னைக்குக் காலையில என் கார் டயர் பஞ்சர் ஆச்சு. மனுதாரரோட வீட்டுக்காரர்தான் சக்கரம் மாத்திக் கொடுத்தார். அவர் யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு அவருக்கும் தெரியாது. கூலி கொடுத்துட்டேன். ஆனா வேலை நடக்கிறப்ப அவர் இந்த வழக்கைப் பத்திப் பேசினார். நான் நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாலயே சில விஷயம் காதுல விழுந்துடுச்சு.”

வேனக்கா மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

“ஒரு பக்கம் சொன்னது இன்னொரு பக்கத்துக்குத் தெரியாம என் மனசுல இருக்கக் கூடாது. அதனால ரெண்டு வழி. நானே விசாரிக்கிறதுன்னா, கேட்டதை இப்பவே இங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுத்தான் தொடங்குவேன். வேண்டாம், வேற ஆள் வரட்டும்னு உங்கள்ல ஒருத்தர் சொன்னாலும் போதும், நான் எழுந்து போயிடுவேன். வேற ஒருத்தர் முதல்ல இருந்து கேட்பார். நான் கேட்டதை அவர்கிட்டயோ வேற யார்கிட்டயோ சொல்ல மாட்டேன்.”

துறைக்காரர் கோப்பை மூடினார். “எங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்க. நீங்களே கேளுங்க.”

“நீங்க?” என்று அம்மாள் வேனக்காவிடம் கேட்டார். “அவசரம் இல்லை. வெளியில போய்ப் பேசிட்டு வாங்க.”

வராந்தாவின் கடைசிக்குப் போனார்கள். சன்னலுக்கு வெளியே தகரத்தின்மேல் மழை இரைந்தது.

“என்ன சொன்ன?”

“கோபப்படாதே.”

“என்ன சொன்னன்னு கேட்டேன்.”

“எல்லாத்தையும்.”

“எல்லாம்னா?”

“குழாயடி. படி. பாட்டில் இல்லைன்னு.”

வேனக்கா நெற்றியைச் சன்னல் கம்பியில் வைத்துக்கொண்டாள். “ஒரு டயருக்குக்கூட வால்வு இருக்கு. உள்ள இருக்கிறது உள்ளயே நிக்கும். உனக்கு அது வைக்காமயே அனுப்பிட்டாங்க.”

“என் தப்புதான். செருப்பால அடி, இங்கயே அடி. ஆனா கேளு. ஒண்ணும் கெட்டுப்போகலை. அவங்களே சொல்லிட்டாங்க இல்ல? வேற ஆள் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லு. அவங்க போயிடுவாங்க. வர்றவருக்கு ஒண்ணும் தெரியாது. துறைக்காரன்கிட்டயும் ஒரு டாக்டர் சீட்டு கிடையாது. இந்தப் பொண்ணு வந்து பாட்டில்னு சொன்னா முடிஞ்சுது. பேட்ஜ் வந்துடும். நான் இனிமே வாயே திறக்க மாட்டேன்.”

“வேற ஆள் வந்தா நான் மறுபடியும் பாட்டில் கதையைச் சொல்லணும்.”

“சொன்னதுதானே. இன்னொரு தடவை.”

“அவளும் சொல்லணும்.”

“அவ நம்பித்தானே சொல்றா? அவளுக்கு என்ன பாவம்?”

“பட்டாணியைப் போட்டு அடிச்சிருக்காங்க. உனக்குக் காதுல விழலையா?”

ரேடியோவின் பார்வை அவள் காலுக்கு இறங்கியது.

“உண்மையைச் சொன்ன பிள்ளையை முதுகுல அடிச்சுப் பொய்யை ஒத்துக்க வெச்சிருக்காங்க. எனக்காக. அந்தப் பிள்ளை இனிமே தான் பார்த்ததையே நம்புமா?” அவள் குரல் உடையவில்லை, இன்னும் தாழ்ந்தது. “நீ ஒரு ஆள்கிட்டதான் உளறின. நான் எழுதியே கொடுத்தேன்.”

“பேட்ஜ் போயிடும்.”

“போகும்.”

“வேனை என்ன பண்றது?”

“தெரியலை.”

“எதைத் தின்றது?”

“நீ பேசாம வேலை செஞ்சா ரெண்டு வண்டி அதிகமாப் பார்க்கலாம்.”

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நனைந்தது. கரி போகாத விரலால் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. அவள் அதைத் தன் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். “இந்த மூஞ்சியோட உள்ள வராதே.” பிறகு கேட்டாள்: “வேற என்ன சொன்ன அவங்ககிட்ட?”

“நீ வேனை எடுத்துட்டுப் போறப்ப எனக்குப் பயமா இருக்கும்னு.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொல்ல விட்டியா?”

அவள் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வேனக்கா இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டாள், ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன்னால் செய்வதுபோல.

“வேற ஆள் வேண்டாங்க. கேட்டவங்களே இருக்கட்டும். ஆனா அவர் சொன்னதை நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்.”

விசாரணை அம்மாள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். “சொல்லுங்க.”

வேனக்கா சுவரோரம் இருந்த தையல்காரப் பெண்ணிடம் திரும்பினாள். “பாட்டில் உருளலைம்மா.”

“என்னைப் பார்த்துச் சொல்லுங்க. பதிவாகணும்.”

“உங்ககிட்ட அடுத்துச் சொல்றேங்க. முதல்ல இவங்ககிட்ட சொல்லணும்.” அம்மாள் தடுக்கவில்லை. “பாட்டில் பையிலதான் இருந்துச்சு. பட்டாணி சொன்னது நிஜம். எனக்குத் தலை சுத்துச்சு. கண்ணு இருட்டிடுச்சு. கம்பத்துல முட்டின சத்தத்துலதான் முழிச்சேன். முன்சீட்டுல அந்தப் பாட்டில் கண்ணுல பட்டுது. அதைச் சொல்லிட்டேன்.”

“நான் அவளை அடிச்சேன்” என்று மட்டும் சொன்னாள் தையல்காரப் பெண். எழுந்தாள். வாசல்வரை போய், யாரிடமும் விடை கேட்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். குடையை எடுத்துக்கொள்ளவும் மறந்துவிட்டாள்.

பிறகு வேனக்கா மற்றதைச் சொன்னாள். மாத்திரை மாற்றியது, குழாயடி, படி, காலையில் வெறும் வயிறு, டாக்டரிடம் திரும்பிப் போகாதது. போனால் ஓட்டாதே என்று சொல்லிவிடுவாரே என்ற பயம். அம்மாள் கேள்வி கேட்கும்போது குரல் உயரவும் இல்லை, இரங்கவும் இல்லை.

“அடுத்த நாளும் வேன் எடுத்தீங்களா?”

“எடுத்தேங்க. பேட்ஜை வாங்கிட்டுப் போறவரைக்கும்.”

“பிள்ளைங்களோட?”

“ஆமாங்க.”

அம்மாள் அதை எழுதிக்கொண்டார். பிறகு துறைக்காரர் பக்கம் திரும்பினார்.

“வலிப்புன்னு எழுதியிருக்கீங்க. எந்த டாக்டர் சொன்னார்?”

துறைக்காரர் கோப்பைப் புரட்டினார், தேடுகிறவர்போல. “டாக்டர்னு இல்லைங்க. டீச்சரோட வாக்குமூலம்.”

“டீச்சர் வலிப்பைப் பார்த்தாங்களா, தலை சாய்ஞ்சதைப் பார்த்தாங்களா?”

“தலை சாய்ஞ்சதைத்தான்.”

“அப்புறம் வலிப்பு எங்கிருந்து வந்தது?”

அவர் நெளிந்தார். “ரத்து பண்றதுக்கு எங்க கம்ப்யூட்டர்ல மூணு காரணம்தாங்க இருக்கு. குடி, கண் பார்வை, வலிப்பு. மயக்கம்னு ஒண்ணு இல்லை. இந்தம்மா குடிக்கிறவங்க இல்லை, கண்ணாடியும் போடலை. மிச்சம் இருந்ததைப் போட்டோம்.”

ரேடியோ வாயைத் திறந்தார். வேனக்கா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மழை விட்டதும் வேனக்கா அந்தக் குடையை எடுத்துக்கொண்டு பட்டாணி வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்த அம்மா குடையை வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் இடுப்புக்குப் பின்னாலிருந்து உருண்டை முகம் எட்டிப் பார்த்தது.

வேனக்கா வாசலிலேயே குந்தி உட்கார்ந்தாள். “பட்டாணி, உன் பாட்டில் உருளலைடா. அக்காதான் பொய் சொன்னேன்.”

பட்டாணி அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றது. பிறகு வேனக்காவிடம், “பையிலதான் இருந்துச்சு. நான் தொட்டுப் பார்த்தேன்.”

“ஆமா. பையிலதான் இருந்துச்சு.”

“அக்கா ஏன் பொய் சொன்னீங்க?”

“பயந்துட்டேன்.”

பட்டாணி அதை யோசித்தது. அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

வீட்டுக்கு வந்தபோது ரேடியோ சுடுதேநீரும் ரொட்டியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். “முதல்ல தின்னு” என்றார். தின்றாள். கடைச் சுவரில் அந்த டயர் சாய்ந்திருந்தது. ஒட்டுப்போட்டு, தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி வரவில்லை என்று பார்த்து, துடைத்தும் வைத்திருந்தார்.

“அந்தம்மா வரலையா?”

“வருவாங்களா? தீர்ப்பு எழுதற கையால நம்ம கடையில டயர் வாங்குவாங்களா?”

அவர் சொன்னது சரிதான். டயர் அங்கேயே நின்றது. மழை முடிந்து வெயில் வந்தது. வருகிறவர்கள் விலைக்கா என்று கேட்டார்கள். ரேடியோ ஒவ்வொருவருக்கும் ஒரே பதில் சொன்னார்: “அது விசாரணையில இருக்கு.” தெருவில் அது ஒரு கேலியாகவே ஆகிப்போனது. யாராவது வாங்கிய கடனை இழுத்தடித்தாலும், கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காமல் இருந்தாலும் “விசாரணையில இருக்கு” என்றார்கள். வேனக்கா மட்டும் அந்த டயரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவாள். கடையில் அவளும் வேலை செய்தாள். நட்டு முடுக்குவதில் புருஷனைவிடக் கை பலம் அவளுக்கு.

உத்தரவு வந்தது. வலிப்பு என்று துறை எழுதியதற்கு ஆதாரம் இல்லை, ரத்து செல்லாது. ஆனால் டாக்டர் பார்த்து, மயக்கம் நின்றுவிட்டது என்று சான்று கொடுத்து, அதன் பிறகும் அரை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போனால்தான் பிள்ளைகளை ஏற்றலாம். அதுவரை பேட்ஜ் நிறுத்தி வைக்கப்படும். மனுதாரர் முதலில் கொடுத்த வாக்குமூலம் பொய், அதை அவரே விசாரணையில் திருத்தினார் என்றும் ஒரு வரி இருந்தது. வேனக்கா அந்த வரியைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். வேனை ஓட்ட வேறொரு டிரைவர் வந்தார். அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கதவைத் திறந்துவிடுகிறவளாகப் போனாள். சில வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். தையல்காரப் பெண்ணும்தான். வெகுநாள் கழித்து ஒரு காலை, திருப்பத்தில் பட்டாணி நின்றது. கழுத்தில் பாட்டில் தொங்கியது. ஏறியதும் அதைக் கழற்றி, பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, “பார்த்துக்கோங்க, பையில இருக்கு” என்று வேனக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தது. தினமும் அப்படித்தான் சொன்னது.

உத்தரவை எதிர்த்துத் துறை மேல்முறையீடு செய்ய இருந்த கெடுவும் முடிந்த பிறகு, ஒரு மத்தியானம் அந்தக் கார் வந்து நின்றது. ரேடியோ குந்தியபடியே பார்த்தார். பழுப்பு ஷூ. இப்போது இரண்டிலும் கறுப்புக் கயிறு.

வாயைத் திறக்காமல் எழுந்து டயரை உருட்டிக்கொண்டு போனார். அம்மாள் ஒட்டுக்கான கூலியைக் கொடுத்தார். வேனக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“இப்ப பேசலாங்களா?”

“இப்ப பேசலாம். எல்லாம் முடிஞ்சுது.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் வேற ஆள் வேணும்னு சொல்லியிருந்தா?”

“எழுந்து போயிருப்பேன்.”

“நான் மறுபடி பிள்ளைங்களை ஏத்திட்டுப் போயிருப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சே.”

“ஆமா.”

“சும்மா இருந்திருப்பீங்களா?”

“சும்மா இருக்கறதாத்தான் வாக்குக் கொடுத்தேன்.” அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க ரெண்டு பேரும் வராந்தாவுக்குப் போனீங்களே, அவ்வளவு நேரமும் நான் அந்தக் கதவைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊத்தினேன். குடிக்க முடியலை.”

வேனக்கா தலையசைத்தாள். ரேடியோ டயரைக் காரின் பின்பக்கத்தில் தூக்கி வைத்து, மூடியை அழுத்திச் சாத்தினார்.

“நீங்க ஒண்ணுமே பேசலையே?” என்று அம்மாள் அவரிடம் கேட்டார்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள், “சொல்லு, இப்ப சொல்லலாம்” என்றாள்.

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்குள் எத்தனையோ இருந்திருக்கும்.

“இவ இப்ப காலையில சாப்பிட்டுட்டுத்தாங்க கிளம்புறா” என்றார்.